நேற்றைய செய்தி, இன்றைய தேதி

என் மாமனாருக்கு மறதி நோய் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். நம்பியபடியே இறந்தும் போனார். அவருக்கு அந்த நோய் வரவில்லை. அப்படி நம்ப வைத்தவள் நான்.

எழுதிவிட்டேன்... இருபது ஆண்டுகளாக வாய்க்கு வராத வாக்கியம் இது. இதோடு நீங்கள் மூடி வைத்துவிட்டுப் போனாலும் உங்கள்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் யாரிடமாவது ஒருமுறை முழுதாகச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் அதற்கு ஆளில்லை.

அப்போது மந்தைவெளியில் வாடகைக்கு இருந்தோம். நான், கணவர் சேகர், இரண்டு வயது மகள், சேகரின் அப்பா. அவரை மாமா என்றுதான் அழைப்பேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். காலையில் செய்தி படிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. தொலைக்காட்சி பிடிக்காது, கத்துகிறார்கள் என்பார். கண்புரை அறுவைக்குப் பிறகு செய்தித்தாளின் சிறிய எழுத்துகள் அவருக்குக் கலங்கித் தெரிந்தன.

என்னிடம் பழைய ஆர்கனைசர் ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் கருவி. எல்லாமே கைப்பேசிக்குள் வருவதற்கு முன், முகவரியும் நாட்குறிப்பும் வைத்துக்கொள்ள அதை வாங்குவார்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். இரண்டு ஆங்கில நாளிதழ்களின் இணையதளங்களிலிருந்து அன்றன்றைய செய்திகளை இறக்கி, அதில் ஏற்றி அவரிடம் கொடுத்தேன்.

“ஒவ்வொரு எழுத்தும் வடை சைசுக்கு இருக்கும்மா!” என்று அவர் சிரித்த சிரிப்பு...

மூன்று மாதம் தினமும் செய்தேன். அன்றைய தொலைபேசி இணைப்பில் அது முக்கால் மணி நேர வேலை. ஏழரைக்குத் தரமணி போகும் அலுவலக வண்டி வந்துவிடும். அதற்குள் சமையல், குழந்தை, சாப்பாட்டு டப்பாக்கள். எனக்கு அலுத்துவிட்டது. அலுத்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நான் உங்களிடம் சொல்லப் போவதில்லை.

ஆகவே கணினிக்கு ஒரு நிரல், அதாவது புரோகிராம், எழுதினேன்; அலுவலகத்திலும் என் வேலை அதுதான். காலை ஐந்து மணிக்குக் கணினி தானாக இணையத்தோடு இணையும், செய்திகளைத் திரட்டும், மேலே அன்றைய தேதியைப் போட்டு வைக்கும். மாமா எழுந்து வந்து, ஆர்கனைசரை அதன் தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இணைப்புக் கிடைக்காத நாட்களில் திரை வெறுமையாக இருக்கும். சமையலறை வாசலில் வந்து நிற்பார். “வசந்தி, இன்னிக்கு ஒண்ணும் வரலியேம்மா.” நான் அடுப்பைத் தணித்துவிட்டு ஓட வேண்டும். அதைத் தவிர்க்க நிரலில் ஒரு வரி சேர்த்தேன். புதிய செய்தி வராவிட்டால், முந்தைய நாள் செய்தியையே மறுபடியும் கொடு.

அப்போது பழைய தேதியே வரும்படி மாற்ற மறந்தேன். மறந்தேனா? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நேற்றைய செய்தியின் தலையிலும் இன்றைய தேதியே வந்து உட்கார்ந்தது!

மழைக்காலம் தொடங்கியது. தெருவில் எங்கோ தொலைபேசிக் கம்பிக்குள் நீர் இறங்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இணைப்பு இல்லாமல் போனது.

“இது நேத்து படிச்ச மாதிரி இருக்கேம்மா...”

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னிக்குள்ளதுதான் மாமா. மேல தேதி பாருங்க.”

பார்த்தார். “ஆமா... இன்னிக்குத் தேதிதான் போட்டிருக்கு” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முதல் முறை நான் தெரிந்து பொய் சொல்லவில்லை. வண்டியில் போகும்போதுதான் அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. மாலையில் கணினியைப் பார்த்தேன். காலையில் இணைப்புக் கிடைத்திருக்கவில்லை. அவர் பால்கனியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு எட்டு நடந்து போய் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தூங்கினேன்.

அடுத்த முறை அவர் கேட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்தே அதே பதிலைச் சொன்னேன். அதற்கடுத்த முறையும்!

ஒரு மாலை, பூங்காவிலிருந்து மாமா சீக்கிரமே திரும்பினார். அவரோடு தினமும் நடக்கும் ரங்கநாதன் அவரைப் படியேற்றிக் கொண்டுவந்து விட்டார். “ஒண்ணுமில்லேம்மா. கிரிக்கெட் மேட்ச் இன்னிக்குன்னு அடிச்சுப் பேசினார். நேத்தே முடிஞ்சுடுத்து ஓய்னு எல்லாரும் சிரிச்சுட்டா. மனுஷர் ஆடிப்போயிட்டார்.”

மாமா நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய மேலதிகாரி ஒருவர், தன் கடைசிக் காலத்தில், தான் பெற்ற மகனையே யாரென்று கேட்டவர். அந்த மனிதரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மாமாவுக்கு ஒரே ஒரு பயம்தான். அந்தப் பயம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்குக் காப்பி கலக்கப் போனேன்!

“அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சு போல” என்றார் சேகர். நான் மறுக்கவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்தில் காதில் விழாததுபோல நின்றேன்.

ராயப்பேட்டையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். தேதி கேட்டார். பிரதமர் பெயர் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். முப்பத்தைந்து வருடம் எண்களோடு வாழ்ந்த மனிதர் எண்பத்தாறில் திணறி நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். “சரிதானேம்மா?” அவர் உதடு நடுங்கியது. பயத்தில் நடுங்கியவரைப் பார்த்து, நோயில் நடுங்குகிறார் என்று எழுதினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். தனியாக வெளியே போகக் கூடாது என்றார்கள். வாசல் சாவியை சேகர் வாங்கி வைத்துக்கொண்டார்.

இனி எழுதப்போவதுதான் என் உண்மையான குற்றம். இதுவரை சொன்னதற்கெல்லாம் சோம்பல் என்று நீங்கள் பெயர் வைக்கலாம். இதற்கு வைக்க முடியாது.

மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். மாமா ஒரு நோட்டோடு என்னிடம் வந்தார். யாருக்கும் தெரியாமல், தினமும் தலைப்புச் செய்திகளைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துக்கு ஒரு நாள்.

“வசந்தி, கோவிச்சுக்காதே. இங்க பாரு... செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் ஒரே செய்திதான் எழுதியிருக்கேன். எட்டுத் தலைப்பும் ஒண்ணுதான். ஒருவேளை மெஷின்ல ஏதாவது...?”

எவ்வளவு பணிவாகக் கேட்டார் தெரியுமா? மேலாளராக இருந்தவர், என் வீட்டில் என்னிடம், விண்ணப்பம் கொடுப்பவரைப் போல...

நோட்டு என் கையில் இருந்தது. உண்மை அதில் பென்சிலில் இருந்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் பிழைத்திருப்பார். ஆனால் மருத்துவர், மாத்திரை, சாவி எல்லாம் என் கண்முன் வந்தன. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று சேகர் கேட்பாரே! உறவினர் கேட்பார்களே!

“நீங்க செவ்வாய்க்கிழமை எழுதினதை மறந்துபோய் அதையே அடுத்த பக்கத்துலயும் எழுதியிருப்பீங்க மாமா” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை. “அப்படித்தான் இருக்கும்” என்றார். நோட்டை வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் எழுதவில்லை.

அன்றே நிரலைச் சரிசெய்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாளிலிருந்து அன்றன்றைய செய்தி சரியாக வந்தது. ஆனால் படிப்பதற்கு முன் அவர் ஒவ்வொரு நாளும் கேட்பார். “இது இன்னிக்குள்ளதுதானாம்மா?” நான் ஆமாம் மாமா என்பேன். இப்போது அது உண்மை! கேட்டுக் கேட்டு, சில மாதங்களில் படிப்பதையே நிறுத்திவிட்டார். பூங்காவுக்கு அழைத்தால், எதையாவது உளறிவைப்பேன் என்று வரமாட்டார். வீட்டுக்கு வருபவர்களிடம் பேசுவதும் குறைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு மதியம், மாரடைப்பில் போய்விட்டார்.

ஒருவேளை உண்மையாகவே அவருக்கு மறதி தொடங்கியிருந்ததோ? எத்தனையோ நாள் இந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். இல்லை. கடைசி வாரத்தில்கூட, பள்ளிக்குக் கிளம்பிய மகளிடம், அன்று அவளுக்கு ஓவிய வகுப்பு என்று வண்ணப் பெட்டியை எடுத்துக் கொடுத்தது அவர்தான். நான் மறந்திருந்தேன்.

சடங்குகள் முடிந்ததும் சேகர் எல்லோர் முன்னாலும் சொன்னார். “அப்பா ஒரே கேள்வியை ஆயிரம் தடவ கேட்டாரு. வசந்தி ஒரு தடவகூட முகம் சுளிச்சதில்ல.” தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

இது முடிந்துபோன கதையாக இருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

இப்போது கொட்டிவாக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். மகள் வேலைக்காக வெளியூரில். சேகருக்கு ஐம்பத்தெட்டு வயது. சென்ற மாதம் அடையாறில் காரை நிறுத்திவிட்டு, மறந்து, பேருந்தில் வீடு வந்து சேர்ந்தார். யாருக்கும் நேரக்கூடியதுதான் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது” என்றார். அன்றிலிருந்து பேசும்போது பாதியில் நிறுத்தி, சொல்லைத் தேடுகிறார். கிடைக்காத சொல்லுக்காக என் முகத்தைப் பார்க்கிறார்.

நாளை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு எத்தன வயசுல ஆரம்பிச்சுது? எனக்குச் சரியா ஞாபகமில்ல. நீதானே கூடவே இருந்து பார்த்தே.”

அவர் பேனா காத்திருந்தது. என் கணவர் கேட்டது ஓர் எண்ணை. நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே சொல்: இல்லை. அந்தச் சொல்லில் அவர் அப்பா அவருக்குத் திரும்பக் கிடைத்திருப்பார். அவர் பயத்தில் பாதியும் போயிருக்கும்...

“அறுபத்தாறு” என்றேன்.

அவர் தலையசைத்து, எழுதிக்கொண்டார்.