இந்து வரிசையில் நின்ற காலை

போலீசில் இன்னும் சில தமிழர்களை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அதுவரை போலீஸ்காரர் என்றால் மலாய்க்காரர், இல்லாவிட்டால் தலைப்பாகை கட்டிய பஞ்சாபி. நம் ஆட்கள் ஸ்டேஷன் படியேறவே தயங்குவார்கள். போன முறை எடுத்த ஒன்றிரண்டு தமிழர்களும் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்த கிறிஸ்தவர்கள். கோயில்காரர்கள் மனு கொடுத்தார்கள். அதனால் இந்த முறை பாதி இடம் இந்துக்களுக்கு என்று துரை உத்தரவு போட்டிருந்தார்.

நான் கத்தோலிக்கன். எங்கள் பையன்களில் என்னைவிட உயரமானவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களோடு மோதுவானேன் என்று பக்கத்து வீட்டு இந்து நண்பனிடம் போய்க் கொஞ்சம் விபூதி கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவன் சிரித்து முடிக்கவே நேரமானது. பிறகு என் நெற்றியில் அவனே மூன்று பட்டை இட்டான்.

"கழுத்துல சிலுவை தொங்குது. அதக் கழட்டிட்டுப் போ லா," என்றான்.

போலீஸ் வளாகத்தில் இரண்டு வரிசை, இந்துக்களுக்கு ஒன்று, கிறிஸ்தவர்களுக்கு ஒன்று. இந்து வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற முதுகு தெரிந்த முதுகாக இருந்தது. ஞாயிறுதோறும் பாடற்குழுவில் என் பக்கத்தில் நிற்பவன். விபூதிக்கு மேல் சந்தனமும் வைத்திருந்தான்.

"நீயுமா?"

"சத்தமா பேசாத. முன்னாடி பாரு, நம்ம மாதா கோயில் உபதேசியார் மகனே நிக்கிறான்."

நெற்றிகளைப் பார்த்துப் பேர் எழுதியபடியே வந்த யாழ்ப்பாணத்துக் கிராணி என்னிடம் நின்றார்.

"தம்பி, நீர் எந்தக் கோயில்?"

"பிள்ளையார் கோயில் ஐயா. வெள்ளிக்கிழமை தவறாமப் போவேன்."

"பிரசாதம் எப்பிடி வாங்கினனீர்?"

"முழங்கால் போட்டு, ஐயா."

வரிசையில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. கிராணி மட்டும் சிரிக்கவில்லை.

"கோயில்காரருக்கு அந்த மனுவை எழுதிக் குடுத்தது நான்தான், தம்பி. ஆறு மாசம் அலைஞ்சனாங்கள்," என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"அங்கை போம். நாலு இடத்துக்கு ரெண்டு பேர்தான் நிக்கினம்."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். உயரமானவர்கள் எல்லாரும் என்னைப் போலவே யோசித்திருந்தார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு நான் முதலில் ஓட, பாடற்குழு நண்பன் பின்னாலேயே வந்தான். நான்கு பேரையும் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி முடிந்ததும் என்னைக் கிள்ளான் ஸ்டேஷனுக்குப் போட்டார்கள். முதல் வாரமே காப்பார் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, பக்கத்து வீட்டுக்காரி மேல் ஒரு மணி நேரம் முறையிட்டார். நான் மூன்று பக்கம் எழுதி, கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

"கேஸெல்லாம் வேணாம் தம்பி," என்று எழுந்துகொண்டார். "இங்க தமிழ்ல சொன்னா கேக்குறாங்களான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."