தள்ளுவண்டியில் கற்ற கிரேக்கம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஏழெட்டு ஊர் சுற்றி, எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். ஒரே வருடத்தில் முதுகு போய்விட்டது. இனி தூக்காதே என்றார் டாக்டர். தள்ளுவண்டிக்கு மாறினேன். அதுவும் நெடுநாள் ஓடாது என்று முதுகே சொல்லியது.

அப்போது கிடங்கில் டாலி கிளார்க் வேலை ஒன்று காலியானது. இறங்கும் பெட்டிகளின் மேலிருக்கும் இங்கிலீஷைப் படித்து, இன்ன சரக்கு என்று குறிக்க வேண்டும். சர்டிபிகேட் கேட்கவில்லை, சூப்பர்வைசர் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். அது கிடைக்காவிட்டால் மறுபடியும் ரயிலேற வேண்டியதுதான்.

பழைய பேப்பர் கடையில் அட்டையில்லாத புத்தகம் ஒன்று கிடைத்தது. இங்கிலீஷ் சொற்கள், அவற்றின் கிரேக்க வேர்கள், தமிழில் அர்த்தம். உட்கார்ந்து படித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். வண்டி தள்ளும்போது ஒருவர் ஓரடி பாட, மற்றவர்கள் பதிலடி பாடுவது எங்கள் வழக்கம். என் முறை வந்தபோது பாட்டுக்குப் பதில் வேர்களை எடுத்துவிட்டேன்; திருப்பிப் பாட வேண்டிய அர்த்தங்களை முன்பே அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

"தெர்மோ!"

"சூடு!"

"ஹைட்ரோ!"

"தண்ணி!"

"ஃபோபியா!"

"பயம்!"

"ஏலே, பயத்த அப்புறம் பாடு, வண்டி பின்னால வருது!" என்றான் பக்கத்தில் தள்ளிய கூட்டாளி. கடற்கரைக் கத்தோலிக்கன். ஒருநாள் 'கீரியோஸ், ஆண்டவர்' என்றதும் வண்டியை நிறுத்தியே விட்டான்.

"பூச தமிழுக்கு மாறுறதுக்கு முன்னால 'கீரியே'ன்னு சொல்லுவோம்லா, அதுவா? அப்ப எங்கம்மைக்கும் கிரீக்கு தெரியும்லே!"

பரீட்சை நாளில் சூப்பர்வைசர் சரக்குச் சீட்டில் ஒரு சொல்லைக் காட்டினார். ஹைட்ரோமீட்டர். அதற்கு முன் நான் பார்த்திராத சொல்.

"தண்ணிய அளக்குறது, சார்."

"எத அளக்கும்? ஆழத்தையா?"

"ஆமா சார்."

"இல்ல."

சீட்டை மடிக்கப் போனார். தண்ணீரில் வேறு எதைத்தான் அளப்பார்கள்? துறைமுகத்துக்கு வருமுன், பக்கத்து முத்தையாபுரம் உப்பளத்தில் இரண்டு கோடை வேலை பார்த்தவன் நான். பாத்தித் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று பார்த்துச் சொன்னதே நான்தான். அதற்கு இப்படியொரு பெயர் உண்டென்று யாரும் சொன்னதில்லை.

"சார், உப்புத்தண்ணி எவ்வளவு கெட்டியாயிருக்குன்னு பாப்போமே, அந்தக் குழல்தான?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடிச் சாமான்னு வெளங்குதா? பெட்டிய எப்படி எறக்கச் சொல்லுவ?"

"கொக்கி போடாம, கையில."

"திங்கக்கெழம வா. வேட்டி கட்டிட்டு வராத, பேண்ட் போட்டுட்டு வா."

என்னிடம் பேண்ட் ஏது? கூட்டாளி தன்னுடையதைக் கொடுத்தான். "ஞாயித்துக்கெழம மட்டும் திருப்பிக் குடுத்துரு, கோயிலுக்குப் போவணும்" என்றான். இடுப்பில் சணல்கயிறு கட்டிக்கொண்டு, காதில் பென்சிலோடு திங்கட்கிழமை கிடங்கில் நின்றேன். அந்த ஊரில் அதன்பின் ஆறு வருடம் இருந்தேன். வேறெங்கும் நான் அவ்வளவு நாள் தங்கியதில்லை.