டெனிசன் அண்ணனின் வடை வரி

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி ஷெட்டுக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் பலர் உண்டு. டெனிசன் அண்ணன் மட்டும் அதை ஓட்டமாட்டார், தாலாட்டுவார். அந்த இரும்புக் கை நுனியில் ஒரு முட்டையை வைத்துக் கொடுத்தால், சேரப்பணஞ்சேரியில் இருக்கிற தன் வீட்டு அடுப்படிவரை கொண்டுபோய், ஆம்லெட்டும் போட்டுவிட்டுத் திரும்புவார். நான் பார்த்ததில்லை. ஆனால் செய்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வடை வரி. சாயங்கால டீயோடு கேன்டீனில் ஆளுக்கு இரண்டு வடை கொடுப்பார்கள். எந்த லைனுக்கு உதிரிபாகப் பெட்டி அவசரமோ, அந்த லைன்காரன் தன் வடையை அண்ணனின் சீட்டில் வைத்துவிட வேண்டும். வைத்தால் பெட்டி உடனே வரும். வைக்காவிட்டாலும் வரும், பொங்கல் கழித்து.

இப்படி வசூல் செய்து செய்து, அண்ணனின் வயிறு காலை ஷிஃப்டுக்கு உள்ளே வந்தால் அண்ணன் மதிய ஷிஃப்டுக்குத்தான் வந்து சேர்வார் என்கிற நிலைமை ஆகிவிட்டது. பிரஷர் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "தல வலிக்கல, மயக்கம் வரல. அப்பறம் இன்னாத்துக்கு மாத்திர?" என்று நிறுத்திவிட்டார்.

கம்பெனியில் வருடா வருடம் உடம்பு பரிசோதனை நடக்கும். அதில் தேறாதவர் வண்டியில் ஏற முடியாது. டாக்டர் ஷீபா மேடம் அண்ணனின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். அடுத்தது இடுப்பு அளக்கும் டேப் என்று தெரிந்ததும், அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்தார். முகம் தக்காளியாகிவிட்டது. பிரஷர் மிஷின் கத்தியது.

"மூச்ச வுடுங்கண்ணா! டேப்பு எங்கியும் ஓடிடாது."

விட்டார். சட்டைப் பித்தான் தெறித்து ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டைத் தாண்டி விழுந்தது.

மேடம் அவரை உட்காரவைத்து, ஆறவிட்டு, மறுபடியும் பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை.

"மூணு மாசத்துக்கு வண்டில ஏறக் கூடாதுண்ணா. அப்பறம் பாக்கலாம்."

"மேடம், இது சும்மா கொழுப்பு. ஓரமா கீது. அதால யாருக்கு இன்னா தொல்ல?"

"சும்மாவா? வயித்துக் கொழுப்பு குடோன் இல்லண்ணா, அது ஒரு பிளான்ட். ஹார்மோன் தயார் பண்ணி ரத்தத்துல அனுப்பிகினே இருக்கும். ரத்தக்குழாயக் காப்பாத்துற நல்லதும் அங்கதான் தயாராவுது. வயிறு பெருக்கப் பெருக்க அது கொறஞ்சிடும். பிரஷர ஏத்துறது, குழாயப் புண்ணாக்குறது, இதெல்லாம் ஓவர்டைம் பாக்கும். ஏற்கெனவே பிரஷர் இருக்குறவருக்கு அந்த லோடு எங்க எறங்கும்? நெஞ்சுலதான்."

லோடு என்றால் அண்ணனுக்கு நன்றாகப் புரியும். தாங்காத லோடு ஏற்றினால் வண்டி குப்புறச் சாயும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். சாவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

ஸ்டிக்கர் ஒட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். பாவப்பட்டு, அன்று டீ நேரத்தில் எல்லாரும் வடையைக் கொண்டுபோய்க் குன்றத்தூர் மலை உயரத்துக்குக் குவித்தோம்.

"எத்துகினு போங்கடா. எனக்கு வண்டி வேணும்" என்றார். அன்று முழுக்க நான் ஒரு நக்கலும் அடிக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து மாத்திரை தவறவில்லை. அவர் மனைவி கிரேசி அக்கா ஊறுகாயையும் அப்பளத்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். டீ நேரத்தில் வீடியோ காலில் வேறு வருவார். "ஏங்க, மாத்திர போட்டீங்களா? எங்க, நாக்க நீட்டிக் காட்டுங்க." ஷெட்டே பார்க்க, அண்ணன் நாக்கை நீட்டுவார். சாப்பிட்டதும் ஷெட்டைச் சுற்றி நடப்பார். முதலில் தனியாகத்தான் நடந்தார். அப்புறம் கிண்டல் பண்ண ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன். கிண்டல் பண்ண எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மூன்று மாதம் கழித்து மேடம் டேப்பை எடுத்தபோது, அண்ணன் வயிற்றைத் தளர்த்திவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"பாத்துக்குங்க மேடம், எதையும் ஒளிக்கல."

இடுப்பு இறங்கியிருந்தது. பிரஷரும் இறங்கியிருந்தது.

"வண்டி ஏறலாம்ணா. மாத்திரைய நிறுத்துனீங்கன்னா நானே வந்து சாவியப் புடுங்குவேன்."

அவர் சீட்டில் ஏறியபோது நாங்கள் அடித்த விசில் பிள்ளைப்பாக்கம்வரை கேட்டிருக்கும். எனக்கு, என் தம்பி கலெக்டர் ஆனதுபோல நெஞ்சு நிமிர்ந்தது. எனக்குத் தம்பியே கிடையாது.

சூப்பர்வைசர் வெங்கடேசன் சார் கையில் வடையோடு ஓடிவந்தார். "டெனிசா, லைன் நிக்கப் போவுது! மொதல்ல எனக்கு!"

"வட செல்லாது சார். வரி மாறிப்போச்சி. ஷெட்ட சுத்தி ஒரு ரவுண்டு நடந்துட்டு வாங்க. வர்றதுக்குள்ள பொட்டி நிக்கும்."

சார் தன் வயிற்றைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், நடந்தார். திரும்பி வந்தபோது பெட்டி, தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் முடியளவு பிசகாமல் நின்றிருந்தது.