நான்கு நாள் வீசிய வலை

விஜிதரன் அண்ணன் மீது எனக்கு இன்னும் கோபம்தான். தன்னாமுனையில் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. அவர் வாவியில் பிடிக்கும் மீனைத்தான் நான் சந்தியில் வைத்து விற்கிறேன். அவருடைய பெண்சாதி குவைத்தில். பதினைந்து வயது மகள் தனுஷாவுக்குச் சோறாக்கிக் கொடுத்து, தலை வாரி இழுத்துவிட்டு, பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் இந்த மனிசன்தான்.

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள் என்று அவளை அடித்துவிட்டார். பின்னேரம் பார்த்தால் வீட்டில் பிள்ளை இல்லை.

“தனுஷா எங்க அண்ணன், காணல்ல?” என்று கேட்டேன்.

“குருக்கள்மடத்துக்கு, பெரியம்மாட வீட்ட போயிட்டாள் புள்ள.”

நானும் நம்பித் தொலைத்தேன்.

குமர்ப்பிள்ளை வீட்டை விட்டுப் போனாள் என்றால், எவனோடு போனாள் என்றுதான் ஊர் முதலில் கேட்கும். அந்தப் பயத்தில் அவர் பொலிசுக்கும் போகவில்லை, மகளின் சிநேகிதி வீட்டிலும் விசாரிக்கவில்லை. நான்கு நாளும் விடியவே தோணியை எடுத்தார். வெறுங்கையோடு வந்தார்.

“மீன் படுற இடத்த விட்டுட்டு, கரையில கண்ணா மரப் பத்தைக்குள்ள என்னத்துக்கு வலை வீசுறீங்க? மகள் இல்லாம மூளையும் வேலை செய்யல்ல போல,” என்று பகிடி வேறு பண்ணினேன். என் வாயில் அடிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் பொலிஸ் வந்தது. தனுஷா வந்தாறுமூலையில் அந்தச் சிநேகிதி வீட்டில்தான் இருந்திருக்கிறாள். சந்தேகப்பட்டு அந்த வீட்டாரே பொலிசுக்கு அறிவித்துவிட்டார்கள்.

நீதிமன்றத்துக்கு நானும் போனேன்.

“பதினைந்து வயதுப் பிள்ளையை நான்கு நாட்கள் காணவில்லை. ஏன் முறைப்பாடு செய்யவில்லை? பிள்ளைக்குத் தகப்பன்தானே பொறுப்பு?” என்று நீதவான் கேட்டார்.

“பிள்ளைட பேர் கெட்டிரும் எண்டு பயந்துட்டன் ஐயா.”

அவர் மகளை அடித்ததும், ஊருக்குச் சொன்ன பொய்யும் பொலிஸ் அறிக்கையில் இருந்தன. அப்பாவோடு போக விருப்பமா என்று தனுஷாவைக் கேட்டார்கள்.

“அப்பா என்னைத் தேடவே இல்ல,” என்று அழுதாள். “நாலு நாளும் வாசல் படலையப் பார்த்துட்டு இருந்தன். வந்திருந்தா அண்டைக்கே போயிருப்பன்.”

நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை வரும்வரை அவளைப் பெண் பிள்ளைகள் இல்லத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. வாகனத்தில் ஏறும்போது அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளை படலையப் பார்த்துட்டு இருக்க, நீங்க வாவியில மீனா பிடிச்சீங்க?” என்று கத்தினேன்.

“மீன் பிடிக்கல்ல சுலோ. அடிச்ச அண்டைக்கு, வாவிக்குள்ள விழுந்து சாகிறன் எண்டுதான் அழுதாள். வலை பாரமா வரக்குள்ள எல்லாம் இழுக்கக் கை வரல்ல.”

“கடவுளே! இத ஏன் உள்ளுக்குச் சொல்லல்ல?”

“அவள் அங்க நிக்காளே புள்ள. உன்ட பிணத்தத்தான் தேடினன் எண்டு பெத்த பிள்ளைக்கு முன்னால எப்பிடிச் சொல்ற?”