மகள்மாருக்கு எப்படிச் சொல்வது

அன்று நான் நோயாளியாகப் போகவில்லை. ரீற்றா அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு துணைக்குப் போனேன். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, மருந்தேற்றலும் முடிகிற கட்டம். கிளினிக் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் என்னைப் போலத் துணைக்கு வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன்.

அக்காவின் மரபணுப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் அம்மாவும் இதே நோயில், நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை எடுத்த வருடம் இறந்தவர்.

"தம்பியார்தானே? நீங்களும் ஒருக்கா இரத்தம் குடுத்துப் பாருங்கோ."

"எனக்கென்னத்துக்கு டொக்டர்? இது பொம்பிளையளுக்கு வாற வருத்தமெல்லோ."

"ஆம்பிளையளுக்கும் வரும், குறைவு. உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஓம். ரெண்டு பெட்டையள்."

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவு வர வாரக்கணக்காயிற்று. வந்த தாளில் 'பொசிற்றிவ்' என்று இருந்தது. பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் (உடலின் உயிர்க்கலங்களில் ஏற்படும் சேதங்களைச் சீர்செய்ய உதவுவது) திரிபு. அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் எனக்கும் வந்தது.

"உங்களுக்கு இப்ப கான்சர் எண்டு இந்தத் தாள் சொல்லேல்லை," என்றார் டொக்டர். "வாறதுக்கான சந்தர்ப்பம் மற்றாக்களை விடக் கூட எண்டுதான் சொல்லுது. வராமலும் போகலாம். பிள்ளையளுக்கு இது கடத்தப்பட்டிருக்க அரைவாசிச் சந்தர்ப்பம்."

நான் குருநகரில் கணிதம் படிப்பிக்கிறவன். நாணயத்தைச் சுண்டிக் காட்டி எத்தனையோ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஆனாலும் 'அரைவாசி' என்ற சொல்லை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பவன்போல, அவரை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.

இதே தாளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு என் பிழையையும் சொல்ல வேண்டும். நான் அதை ஒளித்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூத்த மகள் டிலானிக்குச் சொல்ல வேண்டாமென்று மனைவி ஜெசிந்தாதான் முதலில் தடுத்தாள்.

"டிலானிக்குக் கம்பஸ் சோதனை நடக்குது. இப்ப சொல்லாதையுங்கோ. நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை இதை ஆராவது கிளறினா என்ன செய்யிறது?"

அவள் மீது பழி போட மாட்டேன். சொல்லாமலிருக்க எனக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. தாளைப் பள்ளிக்கூட மேசை லாச்சிக்குள், திருத்திய விடைத்தாள்களுக்கு அடியில் வைத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் கிணற்றடியில் என் மார்பைத் தடவிப் பார்ப்பேன். வாழ்நாளில் அப்படியொரு உறுப்பு இருப்பதையே நினைத்தவனல்ல. ஒருநாள் இடது பக்கம் சிறிதாக ஏதோ உருண்டது. டொக்டரிடம் ஓடினேன். ஸ்கான் முடிவு வர ஐந்து நாள். வகுப்பில் பாதி எழுதிய கணக்கை மறந்து நின்றேன். கடைசியில் அது வெறும் கொழுப்புக்கட்டி (தீங்கில்லாதது). வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: எனக்கு என்ன பார்க்க வேண்டுமென்று தெரிந்திருந்தது, பார்த்தேன். டிலானிக்கு அதுவும் தெரியாது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு வருகையில், பண்ணைக் கடற்கரைப் பக்கம் மோட்டார்சைக்கிளை நிறுத்திச் சொன்னேன். அவள் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரிஞ்சது?"

"ரெண்டு மாசம்."

"அம்மாவுக்கு?"

"தெரியும். ரீற்றா மாமிக்கும் தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. இது என்ரை உடம்பு, அப்பா."

கம்பஸ் சோதனை முடிந்த கையோடு அவளே போய் இரத்தம் கொடுத்தாள். என்னை உள்ளே வர விடவில்லை. முடிவு வரும்வரை என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். அந்த வாரங்கள் என்னுடைய முடிவுக்குக் காத்திருந்த வாரங்களைவிடக் கொடியவை.

அவளுக்கு அந்தத் திரிபு இல்லை. செய்தி கேட்டதும் ஜெசிந்தா குசினி அடுப்படியில் போய் அழுதாள். டிலானி என் தோளில் முகத்தை வைத்துச் சிறிது நேரம் நின்றாள். நான் சின்னவளைப் பார்த்தேன். மெலனிக்குப் பன்னிரண்டு வயது. கதவடியில் நின்றாள்.

அவளுக்கு எவ்வளவு தெரியுமென்று நாங்கள் யோசித்திருக்கவில்லை. மூன்று நாள் கழித்து, கணக்குக் கொப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, ரெண்டு பேரிலை அரைவாசி எண்டா ஒராள். அக்காவுக்கு இல்லையெண்டா அது எனக்குத்தானே?"

மூன்று நாளாக இந்தக் கணக்கை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஒளிக்கிற எண்ணம் அந்த இடத்திலேயே என்னை விட்டுப் போனது.

"அப்பிடி இல்லை மெலனி. அக்கான்ரை முடிவாலை உனக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன்ரை கணக்குத் தனிக்கணக்கு."

"அப்ப எனக்கு எப்ப பாக்கிறது?"

"பதினெட்டுக்குப் பிறகு. சின்ன வயசிலை இது வாறேல்லை, அதாலை இப்ப பாக்கத் தேவையில்லையெண்டு டொக்டர் சொன்னவர். அப்பவும் நீ விரும்பினாத்தான்."

"விரும்பாட்டி?"

"விரும்பாட்டி இல்லை."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கொப்பியைத் திறந்து அடுத்த கணக்கைக் கேட்டாள்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டொக்டர் என் மார்பைச் சோதிக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை புரஸ்ரேற் சுரப்பிக்கு (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பது) இரத்தப் பரிசோதனை. கிளினிக் வாங்கில் இப்போது நான் துணைக்கு இருப்பவனல்ல. அக்காதான் என்னோடு துணைக்கு வருகிறாள். காய்ச்சலோ முதுகுநோவோ வந்தால் முன்பு பனடோல் போட்டுவிட்டு மறப்பேன். இப்போது எந்த நோவையும் ஒருமுறை விசாரித்த பிறகே விடுகிறேன்.

இந்தப் பள்ளித் தவணை தொடக்கத்தில், பதின்மூன்று வயதான மெலனியின் வெள்ளைச் சட்டை கட்டையாகிவிட்டது. ஜெசிந்தா விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று இருவரும் சிரித்தோம். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். சிரித்து முடிவதற்குள் என் மனம் பதினெட்டிலிருந்து பதின்மூன்றைக் கழித்து முடித்திருந்தது.