முப்பத்திரண்டாயிரம் அடிக்கு எறிந்த மண்

அன்றைக்கு வயலில் நின்றவர்களைச் சொல்கிறேன். நான். இராசமலர் அக்கா. நகுலன் அண்ணை. வேறு ஒருவரும் இல்லை. மூன்று பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறோம், கேட்டுப் பார்க்கலாம்.

பேய், செய்வினை ஒன்றையும் நான் நம்பியவனில்லை. சண்டைக்குள் ஓடித் திரிந்தபோது செத்தவர்களுக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியிருக்கிறேன், ஒரு பேயும் வரவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கோ.

கனகராயன்குளத்தில் அக்காவுக்கு மூன்று ஏக்கர் வயல். புருசன் செத்த பிறகு அதை வைத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார். புருசனின் அண்ணன் தேவராசா கனடாவில் இருக்கிறான். தம்பி சாக முன்னம் காணியைத் தனக்கு எழுதித் தந்ததாக ஓர் உறுதிப் பத்திரம் முடித்து வைத்திருந்தான். கள்ள உறுதி. தம்பி கையெழுத்து வைத்ததைக் கண்ணால் கண்டோம் என்று அதில் இரண்டு சாட்சி. ஒருவன் செத்துவிட்டான். மற்றவன் நான். எனக்குப் பேர் எழுத மட்டும் தெரியும். தேவராசா ஊருக்கு வந்தபோது வாகனத்தின் பொனட்டில் கடதாசியை விரித்து "இதில போடு" என்றான், போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியும். உறுதியின் பிரதி அவரிடம் இருந்தது. ஆனால் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. வேலைக்குக் கூப்பிடுவார், தேத்தண்ணீர் தருவார்.

அந்தக் கிழமை தேவராசா காணியை விற்க வருகிறான். வெள்ளிக்கிழமைக்குள் வயலை விடச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். சென்னையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு அங்கிருந்து கொழும்புக்குப் பிளேன்.

நகுலன் அண்ணை பக்கத்து வயல்காரர். முந்திக் கொழும்பில் பிளேன்களுக்கு வழி சொல்லுகிற அறையில் வேலை செய்தவர். பழக்கம் விடவில்லை. எந்தப் பிளேன் எங்கே, எத்தனை அடியில் என்று போனில் பார்த்தபடியே இருப்பார்.

பின்னேரம் நாலரை இருக்கும். "பிள்ளை, உவன் தேவராசான்ர பிளேன் இந்தா வருது," என்றார் அக்காவிடம்.

"முந்திப் பிளேன் எண்டா பங்கருக்குள்ள பாய்வம். நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுறியள்," என்றேன் நான்.

அக்கா சிரிக்கவில்லை. "எது?" என்றார். அண்ணை கையைக் காட்டினார். வடக்கே வெள்ளிப் பொட்டுப்போல ஒன்று.

அநியாயம் செய்தவனின் வாசலில் நின்று மண் அள்ளித் தூற்றுவது எங்கள் பக்கத்தில் இருக்கிறது. தேவராசாவுக்கு இங்கே வாசல் இல்லை. அக்கா வரம்பிலிருந்து இறங்கினார், கொண்டையை அவிழ்த்தார், குனிந்து ஒரு பிடி அள்ளினார்.

"என்ர மனுசன்ர காணி," என்று மேலே எறிந்தார்.

மண் எங்கள் தலையில்தான் கொட்டியது. ஆனால் அண்ணை போனைப் பார்த்து, "இதென்ன, இனி இறங்க வேண்டிய பிளேன் ஏறுது," என்றார். முப்பத்திரண்டாயிரம் அடியில் வந்தது அறுநூறு அடி ஏறி, பிறகு பழைய இடத்துக்கு இறங்கியது.

"என்ர பிள்ளையளின்ர சோறு." இரண்டாம் பிடி. திரும்ப ஏறியது.

"செத்த மனுசன்ர கையெழுத்து." மூன்றாம் பிடி. திரும்பவும்.

அண்ணை போனிலிருந்து தலையைத் தூக்கினார். "பிள்ளை, விழுத்திப் போடாத, மற்றச் சனமும் இருக்கு!"

"விழ வேண்டாம் அண்ணை. அவனுக்கு மட்டும் படட்டும்," என்றார் அக்கா. பிறகு திரும்பவும் குனிந்து அள்ளினார். அந்த முறை வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எறிந்துவிட்டுக் கொண்டையை முடிந்தார். பிளேன் தலைக்கு மேலால் போய்விட்டது.

இரண்டு பிளேன் கிட்ட வந்தால் விமானியை ஏறு, இறங்கு என்று கத்துகிற மெஷின் ஒன்று உள்ளே இருக்கிறதாம். மேலும் கீழும் ஆயிரம் அடி விட்டுத்தான் ஓட வேண்டுமாம். அண்ணையின் பழைய கூட்டாளி ஒருவர் பிறகு சொன்னார், நேர் கீழேயிருந்து வேறொரு பிளேன் நெட்டுக்கு ஏறி வருவதாக அந்த மெஷின் மூன்று தரம் கத்தியதாக விமானி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கொழும்பு ராடரில் அப்படி ஒன்றும் இல்லை. அண்ணையின் போனிலும் இல்லை, நானும் பார்த்தேன்.

தேவராசாவைக் கொழும்பு ஆஸ்பத்திரியில் போய்க் கண்டேன். அவன்தான் வரச் சொன்னான். பிளேனில் காயப்பட்டது அவன் ஒருவன்தான். உறுதி இருந்த பையை மேல் தட்டிலிருந்து எடுக்க எழும்பினானாம்.

"மூண்டு தரம் தூக்கி அடிச்சதடா," என்றான். வலது கை மூன்று இடத்தில் முறிவு. விரல் மடங்காது. "வாயெல்லாம் மண்ணடா. பிளேனுக்குள்ள எங்காலயடா மண்?"

எனக்குச் சந்தோசம், மறைக்க ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட முடியாததால் அவன் காணியை விற்கவில்லை, அக்கா இந்தப் போகமும் விதைத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எண்ணிப் பார்த்தேன். மெஷின் கத்தியது மூன்று தரம். அவனைத் தூக்கி அடித்தது மூன்று தரம். கை முறிந்தது மூன்று இடம். அன்று தொடக்கம் சோறு தின்னும்போது பல்லில் ஏதும் கரகரத்தால் துப்பிப் பார்க்கிறேன்.

அக்கா இன்னும் தேத்தண்ணீர் தருகிறார். ஒன்றும் கேட்பதில்லை.

அவர் எறிந்த பிடி நாலு.