திருகாணியும் மச்சானின் குரலும்

கல்முனையில் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் தொழில் செய்துவந்தேன். இசைத்தட்டின் வேகத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிர் அப்போது நிறைய இருந்தது. நாற்பத்தைந்தில் ஓடவேண்டிய தட்டை முப்பத்துமூன்றில் விட்டால் பாடகிக்கும் கிழவன் குரல் வந்துவிடும். விசையைத் தட்டிவிட்டால் சரி.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. அப்படி மகளுக்குக் கட்டிய வீட்டுக்குக் கூரை போடத்தான் என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், சவூதிக்குப் போனார். கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்த கெசட்டை ஊருக்கு வருபவர்கள் கையில் கொடுத்துவிடுவார்.

நாலாவது கெசட்டில் சுகமாக இருப்பதாகத்தான் சொன்னார். ஆனால் குரல் இழுபட்டது. ராத்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இது அவர் கதைக்கிற மாதிரியா இரிக்கி? என்னமோ நடந்திரிக்கி தம்பி. உடனே வரச்சொல்லி எழுது."

"பெட்டறி இறங்கிட்டு ராத்தா. வேற ஒண்டுமில்ல."

கெசட் பெட்டிக்குப் புதுப் பெட்டறி போட்டேன். குரல் மாறவில்லை. அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மோட்டார் பிழை என்று சொல்லி, பின்பக்கத் துளைக்குள் திருப்புளியை விட்டு வேகத் திருகாணியைத் திருகினேன். மச்சான் சுறுசுறுப்பாகப் பேசத் தொடங்கினார். குரல் கொஞ்சம் இளசாகிவிட்டது, அவ்வளவுதான். ராத்தா அழுதுகொண்டே சிரித்தாள். கடிதப் பேச்சு அதோடு நின்றது.

கெசட்டின் முடிவில் அவருடைய அறைக் கூட்டாளி ஸலாம் சொல்வார். திருகுவதற்கு முன் ஒழுங்காகக் கேட்ட அந்தக் குரல் இப்போது கீச்சென்று வந்தது. அப்படியென்றால் மோட்டார் சரி, மச்சான்தான் சரியில்லை. டக்கென்று நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. கூரை முடியட்டும் என்று நினைத்தேனா, பிழையை ஒத்துக்கொள்ள மனமில்லையா, இன்றுவரை தெரியவில்லை.

இப்போது ராத்தாவின் பேரன் தொலைபேசியில் வரும் குரல்செய்திகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறான். குரல் மாறுவதே இல்லை. அன்று அப்படியொரு வசதி இருந்திருந்தால் அந்தக் கீச்சுக்கூட என்னைத் தடுத்திருக்காது. தடுத்தும் நான் என்ன கிழித்தேன்?

எட்டு மாதம் கழித்து மச்சான் வந்தார். வாதத்தில் வலக்கை தொங்கியது. கதிரையில் உட்கார்ந்து, நான் திருகுவதற்கு முன் கேட்ட அதே வேகத்தில் ராத்தாவிடம் கேட்டார்:

"சுகமில்ல எண்டு சொல்ல... மனம் வரல்ல. குரலக் கேட்டாவது... விளங்கல்லியா?"

"எனக்கு விளங்கிச்சி," என்றாள் ராத்தா. "தம்பிதான் திருகினான்."